காகிதத்தில் சுற்றிக் கொடுத்த டியூப்

பதினோரு வருடமாக மதுரையில் ஒரு மெடிக்கலில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். முடி நீக்கும் க்ரீம் வாங்க வரும் பெண்கள் மற்றவர்கள் போகும்வரை ஓரமாக நிற்பார்கள், அப்புறம் மெல்லிய குரலில் கேட்பார்கள், நானும் ஒரு வார்த்தை பேசாமல் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிடுவேன். அதுதான் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண்ணின் மேலுதடு செக்கச்செவேலென்று சிவந்து, ஓரத்தில் தோல் உரிந்திருந்தது. "முந்தாநாள் நீங்க குடுத்த க்ரீம்தான் தம்பி" என்றார். விசாரித்தால், கை காலுக்கானதை உதட்டுக்கு மேல் பூசி, நன்றாகப் போகட்டும் என்று அரை மணி நேரம் விட்டிருக்கிறாள். தோல் டாக்டரிடம் அனுப்பிவைத்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. நான் ஒரு நிமிடம் பேசியிருந்தால் இது நடந்திருக்காது.

படித்த விஷயம்தானே இது. முடி என்பது கெரட்டின் என்ற புரதம், அதன் இழைகளை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்திருப்பவை கந்தகப் பிணைப்புகள். க்ரீமில் இருக்கும் தயோகிளைக்கோலேட் என்ற வேதிப்பொருள் அந்தப் பிணைப்பை அறுக்கிறது. கூடவே சுண்ணாம்பு மாதிரி ஒரு காரம் சேர்த்திருப்பார்கள், காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 12 பக்கம் இருக்கும், அது முடியை ஊறி உப்பவைத்து மருந்தை உள்ளே விடும். சில நிமிடங்களில் முடி கூழாகி, வழித்தால் கையோடு வந்துவிடும். அழுகிய முட்டை போல ஒரு வாடை வருகிறதே, அதுவும் கந்தகத்தால்தான். வேரை இது தொடுவதில்லை, அதனால் சில நாட்களில் மறுபடி முளைக்கும்.

தோலின் மேலடுக்கிலும் இருப்பது கெரட்டின்தான். முடியில் கந்தகப் பிணைப்பு அதிகம் என்பதால் அது முதலில் கரைகிறது, தோல் கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது. அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் டப்பாவில் நிமிடக் கணக்காகப் போட்டிருக்கிறார்கள், ஆனால் அந்தப் பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்?

இப்போதெல்லாம் எந்த இடத்துக்கு என்று கேட்காமல் நான் கொடுப்பதில்லை. முந்தின நாளே கையில் துளி பூசிப் பார்க்கச் சொல்கிறேன், சவரம் செய்த தோலிலும் புண்ணிலும் வேண்டாம் என்கிறேன். "அண்ணே, மெதுவா பேசுங்க" என்றாள் ஒரு கல்லூரிப் பெண். சரி என்று குரலைத் தாழ்த்தி முழுதாகச் சொல்லிவிட்டு, மாத்திரைக் கவரில் காலை, இரவு என்று எழுதுவது போலவே சுற்றிய காகிதத்தின் மேல் எத்தனை நிமிடம் என்று பேனாவால் பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.