கடாரம் கொண்டான் சரி, கட்டியது யார்?

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பக்கத்துத் தோட்டங்களில் கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளிச் சுற்றுலா என்று எது வந்தாலும் யாராவது மைக்கைப் பிடித்து, "கெடாவை உருவாக்கியதே நம்ம ராஜேந்திர சோழன்தான்" என்று சொல்லிவிடுகிறார்கள். கைதட்டலும் விழுகிறது. அவனுடைய பட்டம் 'கடாரம் கொண்டான்'. கடாரம் என்பது கெடாவின் பழைய பெயர். கொண்டான் என்றால் பிடித்தான். இல்லாத ஊரை எப்படிப் பிடிப்பது?

படையெடுப்பு நடந்தது 1025-ல். அதற்கு 19 ஆண்டுகள் முன்பே, 1006-ல், ராஜராஜன் நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரை எழுதிக் கொடுத்துவிட்டான். விகாரத்தைக் கட்டியவன் கடாரத்து அரசன் ஸ்ரீமாறவிஜயோத்துங்கவர்மன், தன் தகப்பன் பெயரில். நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்ததால் 'லெய்டன் செப்பேடு' எனப்படும் சோழர் செப்பேட்டில் இருப்பது இதுதான். இன்னும் பின்னால் போனால் பட்டினப்பாலையில் 'காழகத்து ஆக்கமும்' என்று வருகிறது. காழகம் என்பதற்கு நச்சினார்க்கினியர் கடாரம் என்றே உரை எழுதினார். உரைகாரர் பல நூற்றாண்டு பிந்தியவர், அதனால் அதை உறுதியான சான்றாக நீட்ட வேண்டாம். செப்பேடு ஒன்றே போதும்.

அப்படியானால் கட்டியது யார்? மலாய்க்காரர்கள் சொல்லும் கதை மெரோங் மகாவங்சாவுடையது. ரூம் தேசத்து இளவரசனுக்கும் சீன இளவரசிக்கும் கல்யாணம் நடக்கவே நடக்காது என்று கருடன் சுலைமான் நபியிடம் சவால் விடுகிறது. இளவரசியைத் தூக்கிக்கொண்டு போய் லங்காபுரித் தீவில் ஒளித்து வைக்கிறது. இளவரசனுக்குத் துணையாகக் கப்பலில் வரும் மெரோங் மகாவங்சா அம்பெய்து பார்க்கிறார். கருடன் ஓயவில்லை, கப்பல்களைக் கவிழ்க்கிறது. கடலில் விழுந்த இளவரசன் அலையோடு போய் ஒதுங்குவது அதே லங்காபுரியில்! கருடன் தோற்று, மனிதர் இருக்கும் பக்கத்தை விட்டே போகிறது. மெரோங் மகாவங்சா கரையேறி நகரம் எழுப்புகிறார். அந்த நகரத்தின் பெயர் லங்காசுகா.

கதை சொல்பவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான். லங்காசுகாவும் கடாரமும் ஒன்று என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். ராஜேந்திரனின் வெற்றிகளைக் கல்வெட்டில் பாடும் மெய்க்கீர்த்தி 'கலங்கா வல்வினை இலங்காசோகமும்' என்று ஓர் இடத்திலும், 'தொடுகடற் காவல் கடுமுரட் கிடாரமும்' என்று கடைசியிலும் தனித்தனியாகவே எண்ணுகிறது. அறிஞர்கள் லங்காசுகாவை வைப்பது தீபகற்பத்தின் கிழக்குக் கரையில், இன்றைய தாய்லாந்தின் பட்டாணிப் பகுதியில். கதை எழுத்தில் வந்தது மிகப் பிந்தி; ஜேம்ஸ் லோ அதை ஆங்கிலத்தில் வெளியிட்டது 1849-ல். அதற்குள் இரண்டு ஊர்களின் பழைய நினைவு ஒரே அரச வம்சத்தின் கதைக்குள் கலந்துவிட்டது. இது என் கணிப்பு.

அதற்காகக் கதையைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. பீடோங் பக்கத்து ஜெராய் மலையைத் தீவு என்றும், பிறகு அது நிலத்தோடு சேர்ந்துவிட்டது என்றும் அதில் வருகிறதே, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். மலை 1,217 மீட்டர். அடிவாரத்தில் அன்று கடலும் கழிமுகமும் இன்றைவிட வெகுதூரம் உள்ளே வந்திருந்தன. ஆறுகள் கொண்டு வந்த வண்டல்தான் இன்றைய வயலும் செம்பனைக் காடும். இலங்கையின் தென்முனை ஏறக்குறைய 6 பாகை வடக்கில். அங்கிருந்து தென்மேற்குப் பருவக்காற்றில் நேர் கிழக்கே பாய் விரித்தால் எதிரே நிற்பது ஏறக்குறைய இந்த மலைதான். திரும்பிப் போக வடகிழக்குக் காற்று வரும்வரை சில மாதம் தங்கியாக வேண்டும். தங்குகிற இடத்தில் சந்தை, கிடங்கு, கோயில் எல்லாம் முளைக்கும். ஊர் உண்டானது இப்படித்தான் என்று நினைக்கிறேன். அதற்கு ஒரு தனி மன்னன் தேவையில்லை.

பஸ் எடுத்துப் போகிறவர்களுக்கு: பீடோங்கிலிருந்து மெர்போக் போகும் சாலையில் முதலில் சுங்கை பத்து அகழாய்வு இடம் வரும். செம்பனைக்கு நடுவே செங்கல் கட்டடங்களும் இரும்பு உருக்கிய இடங்களும் உள்ளன. உலைக்குக் காற்று ஊதிய சுடுமண் குழாய்த் துண்டுகளையும் கறுத்த இரும்புக் கசடையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், பையில் போட விடாதீர்கள். கி.மு. கணக்கில் சொல்லப்படும் ஆண்டுகளை மட்டும் நிதானமாகச் சொல்லுங்கள். கரித்துண்டைச் சோதித்தால் தெரிவது அந்த மரம் வளர்ந்த காலம். உலையில் எரிந்த நாள் அதற்கு வெகு பிந்தியும் இருக்கலாம்.

அடுத்து மெர்போக் அருங்காட்சியகம். அதன் வளாகத்தில் புக்கிட் பத்து பாஹாட் சண்டி (பழைய கோயில்) இருக்கிறது, 1960-ல் திரும்ப அடுக்கிக் கட்டியது. மண்டபத்தில் கல்லாலான தூண் பீடங்கள் மட்டுமே மிச்சம். மேலே இருந்த மரமும் கூரையும் மக்கிப்போய்விட்டன. அடித்தளத்துக்குள் புதைத்திருந்த கற்பேழைகள் கிடைத்தன. நம் ஊர்க் கோயில்களில் கர்ப்பந்யாசம் என்று கட்டடம் எழும் முன் மணியும் பொன்னும் வைத்துப் புதைப்போமே, அதே வழக்கம். கருடன் கதையைக் கட்டாயம் சொல்லுங்கள், ஆனால் இந்தப் பேழைகளைப் பற்றிச் சொல்லி முடித்த பிறகு. முதலில் கருடன் வந்துவிட்டால் பிள்ளைகள் பேழையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

போவது என்றால் காலையிலேயே கிளம்புங்கள். மத்தியானம் ஆகிவிட்டால் ஜெராய் உச்சியை மேகம் மூடிக்கொள்ளும். அப்புறம் மாலுமிகளுக்கு அடையாளம் காட்டிய மலை எங்கே என்று பிள்ளைகள் கேட்டால், கைநீட்ட ஒன்றும் இருக்காது.