கொய்யா மரத்திலிருந்து கூண்டுக்கு

சென்ற ஐப்பசி அடைமழையில் ஒரு நள்ளிரவு, எங்கள் கொல்லையில் உள்ள கொய்யா மரத்தில் அடைந்திருந்த சேவலை மரநாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது. விடிந்ததும் மரத்தடியில் நனைந்த இறகுகளைப் பொறுக்கியபோது, மீதமிருக்கும் மூன்று பெட்டைகளுக்குக் கூண்டு கட்டுவதை இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று மனம் அடித்துக்கொண்டது. பத்து நாள்களில் ஆறடி நீளமும் நான்கடி அகலமும் கொண்ட கூண்டு தயாரானது. கடையில் கோழிவலை என்று விற்கும் அறுகோணக் கண்ணி வலை கோழியை உள்ளே நிறுத்துமே தவிர, கீரியையும் மரநாயையும் வெளியே நிறுத்தாது. ஆகவே அரை அங்குலக் கண்ணியுள்ள வெல்டு மெஷ் வாங்கி, அதை ஓரடி ஆழத்துக்கு மண்ணுக்குள்ளும் இறக்கினோம்.

கூண்டு கட்டியதோடு வேலை முடிந்துவிடவில்லை. முதல் நாள் மாலை வெளிச்சம் இருக்கும்போதே மூன்றையும் துரத்திப் பிடித்து உள்ளே அடைத்து, மறுநாள் காலை திறந்துவிட்டேன். அன்று பொழுது சாய்ந்தபோது மூன்றும் வரிசையாகக் கொய்யாக் கிளையில் ஏறி உட்கார்ந்திருந்தன. அவற்றுள் மூத்ததான செவலை, நான் எட்ட முடியாத உச்சிக் கிளையைப் பிடித்திருந்தது.

கரிசல் காட்டுக் கிராமத்தில் காலமெல்லாம் கோழி வளர்த்த என் மாமியார் இதைக் கேட்டுவிட்டு, “பகல்ல வெரட்டிப் புடிச்சா அது கூண்டையே பகையா நெனைக்கும் மாப்ள. இருட்டுனப்புறம் தூக்கி வைங்க. அஞ்சாறு நாளு உள்ளேயே விடியட்டும்” என்றார். அவர் சொன்னதில் உள்ள நியாயம் பிறகு எனக்கு விளங்கியது. வீட்டுக்கோழியின் மூதாதையான செந்நிறக் காட்டுக்கோழி இரவில் மரத்தில் அடையும் பறவை. கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது; எனவே இருள் கவிவதற்கு முன்பே, பழகிய உயரமான இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட அது துடிக்கிறது. அந்த நேரத்தில் அதற்கு நினைவுக்கு வரும் இடம் கொய்யாவாக இருக்கும்வரை, கூண்டு எவ்வளவு வசதியாக இருந்தும் பயனில்லை.

இரவு எட்டு மணிக்கு ஏணி போட்டு ஏறினேன். பகலில் ஊரைக் கூட்டும் செவலை, இருட்டில் கிளையிலிருந்து பழம் பறிப்பதுபோல் கைக்கு வந்துவிட்டது. இறக்கைகளை இரு கைகளாலும் அணைத்துப் பிடித்தபோது அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் படபடவென அடித்தது. கூண்டின் குறுக்குச் சட்டத்தில் கால்களை வைத்ததும், விரல்கள் மரத்தைத் தடவிப் பற்றிக்கொண்டன. சற்று நேரத்தில் கீழிமை மெதுவாக மேலேறிக் கண்ணை மூடியது. மற்ற இரண்டையும் அதன் இருபுறமும் வைத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் என் தவறு ஒன்று தெரிந்தது. முட்டையிட வைத்திருந்த வைக்கோல் கூடையை, அடையும் சட்டத்தைவிட அரையடி உயரத்தில் மாட்டியிருந்தேன். கூண்டுக்குள் எது உயரமோ அதில்தான் கோழி தூங்கும். செவலை இரவெல்லாம் கூடையில் படுத்து அதை எச்சமாக்கி வைத்திருந்தது. கூடையைத் தரையிலிருந்து ஓரடி உயரத்துக்கு இறக்கி, ஒளி படாத மூலைக்கு மாற்றினேன். உருண்டைக் கழி வழுக்குவதால், இரண்டு அங்குல அகலமுள்ள சட்டத்தின் விளிம்புகளை மழுக்கி மூன்றடி உயரத்தில் பொருத்தினேன். தகரக் கூரையின் மேல் தென்னங்கீற்று வேய்ந்ததும், மதிய வெக்கையில் வாய் பிளந்து மூச்சிரைப்பதும் நின்றது.

அந்த நாள்களில் முட்டை நின்றுபோனது. இடம் மாறினால் இது நடக்கும் என்று தெரிந்திருந்தும் கவலை விடவில்லை. தினமும் காலையில் சட்டத்தின் கீழே எச்சத்தைக் குனிந்து பார்ப்பேன். பச்சையும் வெள்ளையுமாக நீர்த்துப் போயிருந்தால் வெள்ளைக்கழிச்சல் என்ற கோழி நோயோ என்று அஞ்ச வேண்டும். நல்ல வேளையாக அது கெட்டியாகவே இருந்தது, கொண்டையும் சிவப்பு மாறவில்லை. கம்பும் குருணையும் கூண்டுக்குள்ளேயே போட்டேன். தண்ணீரைக் காலையிலும் மாலையிலும் மாற்றினேன்.

ஆறாம் நாள், பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது கதவைத் திறந்தேன். நெடுந்தூரம் மேய்ந்து திரிய நேரம் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த நேரம். மூன்றும் மண் குளித்து, கீரைப் பாத்தியைக் கிளறின. இருட்டத் தொடங்கியதும் இளையவை இரண்டும் தாமாக உள்ளே போயின. செவலை மட்டும் கொய்யாவின் கீழே நின்று கழுத்தை நீட்டி அண்ணாந்து பார்த்தது. நான் அசையாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அப்போது துரத்தியிருந்தால் ஆறு நாள் உழைப்பும் வீணாகியிருக்கும். உள்ளிருந்து மற்ற இரண்டும் இடத்துக்காகக் கொத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. செவலை அந்தப் பக்கம் தலையைத் திருப்பி, சட்டத்தின் நடுவிடம் தனக்கே உரியது என்பதுபோல் விறுவிறுவென உள்ளே நடந்தது.

முதல் முட்டை அதன் பிறகு ஐந்து நாள் கழித்துக் கூடையில் கிடந்தது. இப்போதும் கொண்டியைப் போடுமுன் உள்ளே கை நீட்டி மூன்றையும் தடவி எண்ணிவிட்டுத்தான் வருகிறேன். செவலை இன்றும் மாலையில் ஒருமுறை கொய்யாவின் கீழே நின்று மேலே பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறது.