ஜப்பானில் மிஷனரி ஊழியம்: இடமாற்ற வாரத்தைச் சமாளிப்பது

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையிலிருந்து ஜப்பானுக்கு ஊழியத்துக்குப் போகிறவர்கள் முதலில் பயப்படுவது மொழிக்கு. மொழி எப்படியும் வந்துவிடும். ஆளை உண்மையில் அலைக்கழிப்பது இடமாற்றம்தான். ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம் ஊழியம். ஆறு வாரத்துக்கு ஒரு முறை இடமாற்றப் பட்டியல் வரும். அதில் பெயர் இருந்தால் சில நாளிலேயே வீடு, ஊர், துணை ஊழியர் எல்லாம் மாறிவிடும். ஒரே ஊரில் நான்கைந்து மாதம் இருப்பவர்களும் உண்டு. ஆனால் எந்த முறை நம் பெயர் வரும் என்று தெரியாது, அதனால் பாதி மூட்டை எப்போதும் கட்டியே இருக்க வேண்டும்.

முதல் வேலை முகவரி. விமான நிலையத்தில் தருகிற ஸைரியூ கார்டு, அதாவது குடியிருப்பு அட்டை, எப்போதும் கையில் இருக்க வேண்டும். வீடு மாறினால் 14 நாளுக்குள் புது ஊர் நகராட்சி அலுவலகத்தில் பதிவு செய்வது சட்டம். அந்த முகவரியை அட்டையின் பின்புறம் அச்சடித்துத் தருவார்கள். இதில் எல்லாரும் தவறவிடுவது ஒன்று உண்டு. வேறு ஊருக்குப் போகும்போது பழைய ஊர் அலுவலகத்தில் ‘தென்ஷுட்சு’ என்கிற வெளியேறும் பதிவைச் செய்து, அதற்கான சான்றை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் போனால் புது ஊரில் பதிவு நடக்காது. பழைய ஊருக்கு எழுதிக் கேட்டு, தபாலில் வரும்வரை காத்திருக்க வேண்டிவரும். மை நம்பர் அட்டை (ஜப்பான் அரசின் தனிநபர் எண் அட்டை) வைத்திருப்பவர்கள் இதை இணையத்திலேயே முடிக்கலாம். ஆனால் புது ஊர் அலுவலகத்துக்கு நேரில் போயே ஆக வேண்டும்.

அலுவலகம் பொதுவாக வார நாட்களில்தான் திறந்திருக்கும். துணி துவைப்பது, கடைக்குப் போவது, முடி வெட்டுவது எல்லாம் பெரும்பாலும் திங்கட்கிழமை ஆயத்த நாளில் என்பதால் இதையும் அன்றைக்கே வைத்துக்கொள்ளத் தோன்றும். ஜப்பானில் ஜனவரி, ஜூலை, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஒரு திங்கட்கிழமை அரசு விடுமுறை. அதைப் பார்க்காமல் போனால் பூட்டிய கதவுதான். ஊழியர் தனியாகப் போகக் கூடாது, துணை ஊழியரும் கூடவே வர வேண்டும் என்பதால், ஒருவருடைய காகித வேலை இருவருடைய அரை நாளைத் தின்னும். போகும் முன்பே கட்டடத்தின் பெயர், அறை எண் உட்பட முழு முகவரியையும் கான்ஜியில், அதாவது சீனத்திலிருந்து வந்த ஜப்பானிய எழுத்தில், ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் கவுன்டரில் பாதி நேரம் மிச்சம்.

அடுத்தது பெட்டி. பெரிய சூட்கேஸை ரயிலில் இழுத்துக்கொண்டு போக வேண்டாம். நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்த்து 160 செ.மீ. தாண்டினால் டொகாய்டோ, சன்யோ வழித்தட ஷின்கான்சென் அதிவேக ரயில்களில் அதற்கான இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். யமாடோ நிறுவனத்தின் தக்யூபின் பார்சல் சேவையில் அனுப்பினால் ஹொன்ஷு தீவுக்குள் பெரும்பாலும் மறுநாளே வந்துவிடும். அருகிலுள்ள செவன்-இலெவன் கடையிலேயே கொடுக்கலாம். அங்கே உச்ச அளவு அதே 160 செ.மீ., எடை 25 கிலோ. எடை ஏறுவது எப்போதும் புத்தகங்களால்தான். டெலிவரி நேரம் கேட்டால் காலை என்று குறியுங்கள். 6:30-க்கு எழுந்து, உடற்பயிற்சியும் சாப்பாடும் முடிந்து, வேத வாசிப்பும் மொழிப் படிப்பும் நடக்கிற நேரம் அது, வீட்டில் ஆள் இருக்கும். மாலையில் வந்தால் கதவில் சீட்டு மட்டும்தான் இருக்கும்.

சைக்கிள்தான் பெரிய தலைவலி. ரயிலில் கொண்டுபோகச் சக்கரங்களைக் கழற்றி, ‘ரின்கோ’ பை என்கிற சைக்கிள் பைக்குள் முழுவதும் மூட வேண்டும். ஹேண்டில்பார் முனையோ சீட்டோ வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஏற்ற மாட்டார்கள். பெடலைக் கழற்றும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: இடது பெடலின் மறை எதிர்ப்பக்கம் சுற்றும். வலது பெடலைப் போலவே திருகினால் இன்னும் இறுகும், அப்படியே பலமாக அழுத்தினால் ஸ்பேனர் நழுவி விரல் முட்டி செயினில் கிழியும். ஸ்பேனரை மேல்நோக்கி மாட்டி, சைக்கிளின் பின்பக்கமாகத் திருப்பினால் இரண்டு பக்கமும் கழன்றுவிடும். பழைய சைக்கிளை இன்னொரு ஊழியரிடம் வாங்கினால் அவர் கையெழுத்திட்ட கைமாற்றுச் சான்றும் வாங்குங்கள். திருட்டுத் தடுப்புப் பதிவு மாகாண வாரியாக நடப்பது. மாகாணம் மாறினால் பழையதை நீக்கிவிட்டுப் புதிதாகப் பதிய வேண்டும். இரவில் போலீஸ்காரர் நிறுத்தி, சைக்கிளில் ஒட்டியுள்ள பதிவு ஸ்டிக்கரின் எண்ணைச் சரிபார்ப்பது சகஜம். பெயர் வேறாக இருந்தால் விளக்கம் சொல்லியே வெகுநேரம் ஆகிவிடும்.

கையில் போனைப் பிடித்தபடி ஓட்டுவதற்கு 2024 நவம்பர் முதல் தண்டனை கடுமை: ஆறு மாதம் வரை சிறை அல்லது 1 லட்சம் யென் வரை அபராதம். வழி பார்க்க வேண்டுமானால் ஓரமாக நிறுத்திப் பாருங்கள். குடை பிடித்துக்கொண்டும் ஓட்டக் கூடாது. நல்ல மழைக்கோட்டு வாங்குங்கள், பேன்ட் சேர்ந்ததாக.

புது வீட்டில் முதல் இரவு பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, குப்பை அட்டவணை. எரியும் குப்பை, பிளாஸ்டிக், பாட்டில் எல்லாவற்றுக்கும் தனித்தனி நாள். பல ஊர்களில் நகராட்சி பை மட்டும்தான் செல்லும். பெட் பாட்டிலின் மூடியையும் லேபிளையும் எடுத்துவிட்டு அலச வேண்டும். தவறாக வைத்த பையில் ஸ்டிக்கர் ஒட்டி அங்கேயே விட்டுவிடுவார்கள். அக்கம்பக்கத்தார் அதைப் பார்த்தபடிதான் வேலைக்குப் போவார்கள், பிறகு அதே வீடுகளின் மணியைத்தான் நாம் அடிக்க வேண்டும். இரண்டு, தரையில் விரிக்கும் ஃபுடோன் மெத்தை. தினமும் மடித்து எடுக்காவிட்டால் மழைக்காலத்தில் அடியில் ததாமி பாயோடு சேர்ந்து கரும்பூசணம் பிடிக்கும்.

மொழி பற்றித் தமிழருக்கு ஒரு நல்ல செய்தி. ‘வதாஷி வா கியோகாய் நி இகிமசு’ என்றால் ‘நான் சபைக்குப் போகிறேன்’. சொல்லுக்குச் சொல் அதே வரிசை, ‘நி’ நம்முடைய ‘கு’. ‘தோ ஒமொய்மசு’ என்றால் ‘என்று நினைக்கிறேன்’. ஆங்கிலம் வழியாக யோசிக்காமல் தமிழிலிருந்து நேரே போனால் வாக்கியம் தானாக அமையும்.

வீட்டுக்குள் அழைப்பவர் முதலில் நீட்டுவது பெரும்பாலும் பச்சைத் தேநீர். நம் சபையில் தேநீர் குடிப்பதில்லை. ஊற்றிய பிறகு மறுத்தால் அவருக்குச் சங்கடம். அவர் சமையலறைக்குத் திரும்பும்போதே, ‘தேநீர் குடிப்பதில்லை, தண்ணீர் போதும்’ என்று சொல்லிவிடுங்கள். முகிச்சா என்கிற பார்லி நீர் இருந்தால் தாராளமாகக் குடிக்கலாம்.

கிளம்பும் முன் செய்ய வேண்டிய கடைசி வேலையை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். அடுத்து வரும் ஊழியருக்காக, நம்மோடு வேதம் படிக்கிறவர்கள், இலவச ஆங்கில வகுப்புக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவர் பெயருக்கும் மேலே உச்சரிப்பைக் கனா என்கிற ஒலி எழுத்தில் எழுதி வையுங்கள். கான்ஜியில் எழுதிய ஒரே பெயரைப் பல விதமாகப் படிக்கலாம். புதிதாக வருகிறவர் வாசலில் நின்று தவறான பெயரைச் சொன்னால், இத்தனை வாரம் பழகிய அந்த மனிதர் மறுபடியும் அந்நியராகிவிடுவார். பெயருக்குக் கீழே அவர் எந்த நாளில் வீட்டில் இருப்பார், கடைசியாக எந்த அதிகாரம் வாசித்தோம், அவர் யாருக்காக ஜெபிக்கச் சொன்னார் என்பதையும் எழுதுங்கள்.