பால் மறக்காத குட்டியும் பாதிக் கணக்கும்

காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர் வீட்டில் பின்கட்டுக் கதவைத் திறந்தால், பின்தெரு அக்கா வளர்க்கும் வெள்ளாடுகள் கண்ணில் படும். சென்ற மாதம் முழுவதும் அங்கே ஒரே சண்டை. நான்கு மாதக் குட்டி ஒன்று முன்கால்களை மடக்கி மண்டியிட்டுத் தாயின் மடியை முட்டும். தாய் சற்றுப் பொறுத்துவிட்டுப் பின்காலைத் தூக்கி அதைத் தாண்டி நடந்துவிடும். பிறந்து ஒரு வாரமே ஆனதைப் போன்ற மெல்லிய குரலில் கத்தியபடி குட்டி பின்னாலேயே ஓடும். இத்தனைக்கும் அது வேப்பங்குழையை மொட்டையடிக்கிற குட்டி. “ஆத்தா மறுபடியும் சினையா இருக்கு, அதான் மடி குடுக்க மாட்டேங்குது” என்றார் அக்கா. “பெத்தவ இப்படியா வெரட்டுவா?” என்று எங்கள் ஆயாவுக்குத் தாயாட்டின் மேல்தான் கோபம்.

இந்தச் சண்டைக்குக் கணக்குப் போட்டுக் காட்டியவர் ராபர்ட் ட்ரிவர்ஸ் என்ற அமெரிக்க உயிரியலாளர்; ஆண்டு 1974. அதுவரை தாய் கொடுப்பதை வாங்கிக்கொள்ளும் வெறும் பாத்திரமாகவே குட்டியைப் பெரும்பாலோர் பார்த்திருந்தனர். தாயின் மரபணுக்களில் பாதி இந்தக் குட்டியிடம் இருக்கிறது. வயிற்றில் வளரும் அடுத்த குட்டியிடமும் அதே பாதி இருக்கிறது. ஆகவே தாய்க்கு இரண்டும் ஒன்றுதான். குட்டிக்கோ தான் முழுசு, உடன்பிறப்பு பாதி. பாலால் இந்தக் குட்டிக்குக் கிடைக்கும் நன்மையைவிட அடுத்த குட்டிக்கு நேரும் இழப்பு மிகுந்தவுடன் நிறுத்திவிடுவது தாய்க்கு நல்லது. அந்த இழப்பு நன்மையைப் போல் இருமடங்கு ஆகும்வரை குடித்துக்கொண்டிருப்பது குட்டிக்கு நல்லது. இவ்விரண்டு புள்ளிகளுக்கும் இடைப்பட்ட நாள்களில்தான் முட்டலும் விரட்டலும் நடக்கின்றன. பாலை நிறுத்தத்தான் வேண்டும் என்பதில் இருவருக்கும் சம்மதம், தகராறு தேதியில். எங்கள் பக்கத்தில் கல்யாணமான மகனை ஒரே வீட்டுக்குள் தனி அடுப்பு மூட்டி, சாமான் சட்டு அளந்து கொடுத்து ‘வேறு வைக்கும்’ வழக்கம் உண்டு. என்றைக்கு வேறு வைப்பது என்பதில் இரு தரப்பும் முகம் கோணாமல் ஒத்துப்போன வீட்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

குட்டியின் அந்த ஒருவாரக் குரலுக்கும் ட்ரிவர்ஸிடம் விளக்கம் உண்டு. உடல் வலிமையால் தாயை மடக்க முடியாத சின்ன உயிர், உண்மையில் இருப்பதைவிட இளையதாகவும் பசித்ததாகவும் தன்னைக் காட்டிக்கொள்கிறது. உண்மையான பசிக் குரலைப் புறக்கணிக்க முடியாத தாய், பொய்க் குரலுக்கும் சில நேரம் ஏமாறுகிறது.

“இந்தத் தடவை கிடா வேற” என்று அக்கா போகிறபோக்கில் சொன்ன செய்தியால் கணக்கு இன்னும் முறுகுகிறது. தந்தை வேறு என்றால் உடன்பிறப்பின் பங்கு பாதியிலிருந்து காலாகக் குறைகிறது. குட்டி நான்கு மடங்கு இழப்பு வரை பிடிவாதம் பிடிக்கலாம். தந்தைவழி வந்த மரபணுக்களுக்கு அந்தத் தாயின் அடுத்த குட்டியைப் பற்றிய அக்கறையே இராது என்ற இடத்திலிருந்து டேவிட் ஹெய்க் என்ற ஆஸ்திரேலிய உயிரியலாளர் இதே வாதத்தைக் கருப்பைக்குள் கொண்டு சென்றார். சுண்டெலிகளில் கருவின் வளர்ச்சியைத் தூண்டும் ஒரு மரபணுவில் தந்தை தந்த பிரதி மட்டுமே வேலை செய்கிறது. அது பழுதானால் குட்டி வழக்கமான எடையில் ஏறக்குறைய 60 விழுக்காட்டுடன் பிறக்கிறது. தாய் தந்த பிரதி பழுதானாலோ எடையில் மாற்றமே இல்லை.

தாயை எப்போதும் நடுநிலையாளராக எண்ணிவிடக் கூடாது என்பதை எனக்கு உணர்த்தியது எங்கள் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் பக்கம் உள்ள வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். பறவைகள் மிரளக் கூடாது என்று கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிக்காத கண்மாய் அது. கருவேல மரத்தில் ஒரு கொக்குக் கூட்டைத் தொலைநோக்கியில் பார்த்தேன்: மூத்த குஞ்சு தாயின் அலகைக் கத்தரிக்கோல் போலக் குறுக்கே கவ்விக் கீழே இழுத்து இரையைக் கக்கவைத்தது, இடையில் தலை நீட்டிய கடைக்குட்டியின் உச்சந்தலையில் நங்கென்று கொத்தியது, தாய் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றது. உண்ணிக்கொக்குகளில் இது நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது. கடைசி முட்டை விழும்வரை காத்திராமல் தாய் அடைகாக்கத் தொடங்கிவிடுவதால் குஞ்சுகள் முன்பின்னாகப் பொரிகின்றன. போதாததற்கு, முதலில் இடும் முட்டைகளில் முரட்டுத்தனத்தைத் தூண்டும் ஆண் ஹார்மோன்கள் கூடுதலாக இருப்பதை 1997இல் கண்டறிந்தார்கள். இரை மிகுந்த ஆண்டில் கடைக்குட்டியும் பிழைத்துக்கொள்ளும். குறைந்த ஆண்டில் அதுதான் முதலில் சாகும். அக்கொலையில் மூத்ததும் தாயும் ஒரே கட்சி என்றுதான் எனக்குப் படுகிறது. ஆகவே கூட்டில் நடக்கும் ஒவ்வொரு சண்டையையும் தாய்–பிள்ளை முரணில் சேர்த்துவிடுவது அவசரம்.

நம் குட்டிக்கு வருகிறேன். போன வாரம் அது தாயை விட்டுவிட்டு, பக்கத்தில் கட்டியிருந்த வேறோர் ஆட்டின் மடிக்குப் போனது. அந்த ஆடு ஒரு நொடிகூடப் பொறுக்கவில்லை. தலையைத் தாழ்த்தி விலாவில் விட்ட முட்டில் குட்டி இரண்டு முழம் தள்ளிப் போய் விழுந்தது. எழுந்து உதறிக்கொண்டு, நேரே தாயின் பக்கத்தில் போய் நின்று குழை கடிக்கத் தொடங்கியது.