எட்டணா டிக்கெட்: ஒரு எம்.பி.ஏ. வகுப்பின் நாட்குறிப்பு

ஜூலை 8, 2024, திங்கள்

மூன்றாம் செமஸ்டர் இன்று தொடங்கியது. இந்த முறை நான் நடத்துவது பன்னாட்டு மேலாண்மை. 42 பேர். அம்பாசமுத்திரம், ஆலங்குளம், வள்ளியூர், சங்கரன்கோவில் என்று நாலா பக்கத்திலிருந்தும் காலை பஸ் பிடித்துப் பாளையங்கோட்டைக்கு வருகிறவர்கள். பாதிப் பேர் தங்கள் வீட்டில் முதல் பட்டதாரி.

முதல் வகுப்பிலேயே கேஸ், அதாவது ஒரு கம்பெனியின் உண்மைக் கதையை வைத்து முடிவெடுக்கச் சொல்லும் பாடம், எடுத்துவிடலாம் என்று ஸ்வீடன் மரச்சாமான் கம்பெனியான ஐகியா இந்தியாவுக்குள் வந்த கதையைக் கொடுத்தேன். ஒற்றை பிராண்டு சில்லறை வணிகத்தில் நூறு சதவீத அந்நிய முதலீட்டுக்கு 2012-ல் கதவு திறந்தது. கூடவே முப்பது சதவீதச் சரக்கை இங்கேயே வாங்க வேண்டும் என்ற நிபந்தனை. முதல் கடை 2018 ஆகஸ்டில் ஹைதராபாத்தில் வந்தது. "நீங்கள்தான் அந்தக் கம்பெனியின் மேலாளர். இந்தியாவில் எதை மாற்றுவீர்கள், எதை மாற்ற மாட்டீர்கள்?" என்று கேட்டேன்.

ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஆலங்குளத்துப் பெண் ஒருத்தி தாளின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், நான் அவளைக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல. கேட்டேன். எழுந்து நின்றாள். "தெரியல மேடம்" என்றாள். கடைசியில் நானே கேள்வி கேட்டு நானே பதிலும் சொல்லி மணியடித்தது.

ஜூலை 9, செவ்வாய்

நேற்றைய வகுப்பு மனதை விட்டுப் போகவில்லை. கேஸ் முறையைச் சட்டப் படிப்பிலிருந்து எடுத்து 1920-களில் அமெரிக்காவின் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் நிலைநிறுத்தியது. 1961-ல் கல்கத்தா ஐ.ஐ.எம். எம்.ஐ.டி.யின் துணையோடும், அகமதாபாத் ஐ.ஐ.எம். ஹார்வர்டின் துணையோடும் தொடங்கின. அந்த வழியாக இறங்கி இறங்கித்தான் எங்கள் பாடத்திட்டம் வரைக்கும் வந்திருக்கிறது. வழியில் எதையோ தவறவிட்டோம். கேஸ் என்பது படித்து ஒப்பிக்கிற பாடம் இல்லை. முடிவெடுக்க வேண்டியவரின் நாற்காலியில் பிள்ளையை உட்கார வைப்பது. நான் நேற்று அந்த நாற்காலியைக் காட்டினேன், உட்கார வைக்கவில்லை.

ஜூலை 15, திங்கள்

துறைக் கூட்டம். மேலாண்மைப் பள்ளிகளுக்குத் தரும் பன்னாட்டு அங்கீகாரங்கள் பற்றிப் பேச்சு. அமெரிக்காவில் 1916-ல் தொடங்கிய ஏ.ஏ.சி.எஸ்.பி., ஐரோப்பாவிலிருந்து 1997-ல் வந்த ஈக்விஸ், லண்டனின் ஆம்பா. மூன்றும் வாங்கிய பள்ளிகளுக்கு 'டிரிபிள் கிரௌன்' என்று பெயர். நமக்கு அதெல்லாம் தூரம், ஆனாலும் அந்தத் திசையில் போக வேண்டும் என்றார் துறைத் தலைவர். உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். பேச்சு மட்டும் ஸ்மார்ட் போர்டு, கருத்தரங்கக் கூடம் என்று கட்டடத்தின் பக்கமே போய்க்கொண்டிருந்தது.

நான் எழுந்து ஒன்று சொன்னேன். ஏ.ஏ.சி.எஸ்.பி. முக்கியமாகக் கேட்கிற கேள்வி, பிள்ளை என்ன கற்றது, அதை எப்படி அளந்தீர்கள், குறை தெரிந்தபின் எதை மாற்றினீர்கள் என்பது. அதற்கு ஒரு ரூபாய் செலவு இல்லை சார், இந்த செமஸ்டரிலேயே தொடங்கலாம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, உங்க பேப்பர்லயே செஞ்சு காட்டுங்க" என்றார். சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும்.

ஜூலை 24, புதன்

இன்று வகுப்பு பேசியது! ஹாஃப்ஸ்டெடின் அதிகார இடைவெளி நடத்தினேன். டச்சுக்காரர், ஐ.பி.எம். ஊழியர்களிடம் பல நாடுகளில் எடுத்த கருத்துக்கணிப்பை வைத்து நாடுகளின் பண்பாட்டை எண்களாக்கியவர். அதிகாரம் ஏற்றத்தாழ்வாக இருப்பதை மக்கள் எவ்வளவு இயல்பாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு இந்தியாவுக்கு 77, அமெரிக்காவுக்கு 40, ஆஸ்திரியாவுக்கு 11. எண்களை போர்டில் எழுதிவிட்டு, "தமிழிலேயே பேசலாம், பரீட்சையில் இங்கிலீஷில் எழுதிக்கொள்ளலாம்" என்றேன். இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

சாத்தான்குளம் பக்கத்துப் பையன் ஒருவன் எழுந்தான். "எங்க அப்பா மெட்ராஸ்ல அண்ணாச்சி கடையில பதினோரு வருசம் நின்னாங்க மேடம். மொதலாளியும் அண்ணாச்சிதான். வாடிக்கைக்காரங்களுக்கு எங்க அப்பாவும் அண்ணாச்சிதான். இதுல எடவெளி எங்க இருக்கு?"

இன்னொருவன் விடவில்லை. "மொதலாளி சாப்பிட்டு முடிக்காம உங்க அப்பா எலையில உக்காருவாங்களா?"

"மாட்டாங்க."

"அப்ப இருக்குல்லா!"

பிறகு அந்தப் பையன் கதையை முழுக்கச் சொன்னான். கடையிலேயே படுக்கை, கடையிலேயே சாப்பாடு. சம்பளத்தில் பெரும்பகுதியை முதலாளியிடமே விட்டு வைப்பது. பதினோரு வருஷம் கழித்து அதே முதலாளி அந்தப் பணத்தோடு தன் பணத்தையும் போட்டு, மொத்த வியாபாரியிடம் "நம்ம பய, சரக்கு கொடுங்க" என்று ஒரு வார்த்தையும் சொல்லித் தனிக்கடை வைத்துக் கொடுத்தது. எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாத அதே இடத்தில்தான் அவன் அப்பாவுக்கு முதலும் கடனும் தொழிலும் கிடைத்திருக்கின்றன. 77 என்ற எண்ணுக்குள் இந்த இரண்டாவது பாதி இல்லை.

எண் பொய் என்று நான் சொல்லவில்லை. ஒரே கம்பெனியின் ஊழியர்களிடம் எடுத்த கணக்கு ஒரு நாட்டுக்கே பொருந்துமா என்று ஹாஃப்ஸ்டெடை அறிஞர்களும் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் தாங்களாகவே வந்து சேர்ந்ததுதான் எனக்குப் பெரிது. மகமை பற்றியும் சொன்னேன். வியாபாரத்தில் ஒரு சிறு பங்கைப் பொது நிதிக்கு ஒதுக்கிய வணிகர் சமூகம், 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கியைத் தொடங்கியது. 1962-ல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆனது. "அந்த பேங்க்ல எங்களுக்கு அக்கவுன்ட் இருக்கு மேடம்" என்று நாலைந்து குரல்.

ஆகஸ்ட் 5, திங்கள்

நேற்று ஆடி அமாவாசை. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போன கூட்டம் இன்னும் திரும்பவில்லை. வகுப்பில் 19 பேர். பாடம் நடத்தவில்லை. நூலகத்தில் உட்கார்ந்து ஒரு கேஸ் எழுதத் தொடங்கினேன்.

வ.உ.சி.யைத்தான் எடுத்திருக்கிறேன். செக்கிழுத்தவர், சிறை சென்றவர் என்று சின்ன வயதிலிருந்து எல்லாருக்கும் தெரியும். வ.உ.சி. மைதானத்தைத் தாண்டித்தான் பிள்ளைகள் தினமும் வருகிறார்கள். ஆனால் 1906-ல் கம்பெனி பதிவு செய்து, பங்கு விற்று, கப்பல் வாங்கி, கடல் கடந்த ஒரு வழித்தடத்தில் உலகத்தின் பெரிய கப்பல் கம்பெனி ஒன்றோடு மோதிய தொழில்முனைவர் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. பன்னாட்டு மேலாண்மைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆகஸ்ட் 10, சனி

வகுப்பில் ஒருத்தி பத்தமடைக்காரி. அவள் பெரியம்மா பாய் நெய்கிறவர். ஏற்றுமதி விலை நிர்ணயம் நடத்துவதற்கு முன் நேரில் பார்த்துவிடலாம் என்று ஐந்து பேரோடு போனேன்.

திண்ணையை ஒட்டித் தரையோடு தரையாகத் தறி. பச்சையாக அறுத்துக் காயவைத்த கோரையை இழை இழையாகக் கிழித்து, தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, சாயம் ஏற்றி, அப்புறம்தான் நெசவு. பாவு பருத்தி நூல். அந்த அம்மா ஒரு கோரை இழையை என் விரலில் சுற்றிக் காட்டினார், தையல் நூல் மாதிரிச் சுற்றிக்கொண்டது. ஒவ்வொரு இழையையும் போட்டுவிட்டுக் கட்டையால் இரண்டு தட்டு. பேச்சு நின்றாலும் தட்டு நிற்கவில்லை.

2013-ல் இந்தப் பாய்க்கு, இந்த ஊருக்கே உரியது என்ற புவிசார் குறியீடு கிடைத்தது. என் மாணவன் ஒருவன் அதைப் பெருமையாகச் சொன்னான். அவர் தறியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "அந்த முத்திரை வந்த பொறவு வாங்குதவன் கூட ஒரு ரூவா குடுக்கானா தம்பி?" அவன் பதில் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது நோட்டை எடுத்து, கோரை, சாயம், நூல், கூலி நாள் என்று அவர் சொன்ன கணக்கை வரிசையாக எழுதி, கடை விலையிலிருந்து பின்னோக்கிக் கழித்துக்கொண்டே வந்தான். பாளையங்கோட்டை நெருங்கியும் முடியவில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

கேஸ் எழுதுவதில் கஷ்டம், எங்கே நிறுத்துவது என்பதில்தான். முடிவு தெரிந்துவிட்டால் வாதம் செத்துப்போகும். 1907-ன் கட்டணப் போரில் நிறுத்திவிட்டேன். கைது இல்லை, செக்கு இல்லை. தியாகம் என்ற சொல்லையும் எடுத்துவிட்டேன். அவர்மேல் உள்ள மரியாதையால்தான் எடுத்தேன். கணக்குப் போட்டு முடிவெடுத்த மனிதராக அவரை ஒரு நாளாவது பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம், வ.உ.சி. பிறந்த நாளும். கேஸை இன்றுதான் நடத்தினேன். பெஞ்சுகளை லாட வடிவில் திருப்பிப் போட்டோம்.

கேஸ் தாளில் இருந்தது இவ்வளவுதான்: மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய் என்று 40,000 பங்குகள், ஆசியர் எவரும் வாங்கலாம். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்கு. முதலில் வாடகைக் கப்பல். போட்டிக் கம்பெனி நெருக்கியதும் கப்பல்காரர் பின்வாங்கினார். பிறகு சொந்தமாகக் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல். தூத்துக்குடியிலிருந்து கொழும்பு. போட்டிக் கம்பெனியான பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி டிக்கெட்டை ஒரு ரூபாய்க்கு இறக்குகிறது. நீங்கள் எட்டணாவுக்கு, அதாவது அரை ரூபாய்க்கு இறக்குகிறீர்கள். அவர்கள் சும்மாவே ஏற்றிக்கொள்கிறோம், ஒரு குடையும் தருகிறோம் என்கிறார்கள். நாளைக் காலை நிர்வாகக் கூட்டம். என்ன செய்வீர்கள்?

"நாமளும் சும்மா ஏத்தணும்" என்றான் ஒருவன்.

"எத்தன மாசம்?" என்றாள் பத்தமடைக்காரி. "அவனுக்கு நூறு வழித்தடம் இருக்கு. இங்க விட்டத வேற எங்கயாவது எடுத்துருவான். நமக்கு இந்த ஒண்ணுதான்."

போர்டில் எழுதிக்கொண்டே இருந்தேன், கை வலித்தது. ஆளை விட்டுவிட்டுச் சரக்கைப் பிடிப்போம். காலியாவில் 4,000 மூட்டை ஏறும் என்று ஒரு பக்கம். தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறவர்களைக் கங்காணிதான் அழைத்துப் போவான், கங்காணியோடு ஒப்பந்தம் போடுவோம் என்று இன்னொரு பக்கம். அப்போது சாத்தான்குளத்துப் பையன், "பங்கு வாங்கினதே வியாபாரிங்கதான? வருசம் பூரா நம்ம கப்பல்லயே சரக்கு ஏத்துனா வருசக் கடைசியில வாடகையில ஒரு பங்கத் திருப்பிக் குடுப்போம். நடுவுல அங்க போனா அந்தப் பணம் கெடையாது" என்றான். நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன். 1870-களிலிருந்து பெரிய கப்பல் கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து வியாபாரிகளைக் கட்டிப்போட்ட முறை இதேதான். பிந்திய தள்ளுபடி என்று பெயர். அவன் அதை எங்கும் படித்ததில்லை. அவன் ஊர்க் கடையில் தீபாவளிக்குத் தீபாவளி அது நடக்கிறது.

கடைசிப் பதினைந்து நிமிடம், 1908-ல் தூத்துக்குடி கோரல் மில்லில் நடந்த வேலைநிறுத்தம். கப்பல் கம்பெனியை நடத்துகிறவர் மில் தொழிலாளர் போராட்டத்தில் இறங்கலாமா? போட்டவன் பணம் என்னாகும் என்று பாதி வகுப்பு. மக்களின் நம்பிக்கையில்தான் பங்கே விற்றது, அதை விட்டால் கம்பெனி எதற்கு என்று மறு பாதி. நான் தீர்ப்புச் சொல்லவில்லை. எனக்கே இரண்டும் சரியாகத்தான் பட்டது.

பிறகு நடந்ததைச் சொன்னேன். 1908 மார்ச் 12-ல் கைது, மறுநாள் திருநெல்வேலி எழுச்சி, ஜூலையில் தண்டனை, 1911-ல் கம்பெனி கலைப்பு. அதே 1908 அக்டோபரில்தான் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் முதல் வகுப்பைத் தொடங்கியது என்றும் போர்டில் எழுதினேன்.

வகுப்பு கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தது. "அப்ப அவங்க கோயம்புத்தூர் ஜெயில்ல இருக்கையில அங்க பாடம் ஆரம்பிச்சிருக்கு" என்றாள் ஒருத்தி மெதுவாக.

செப்டம்பர் 6, வெள்ளி

தொண்டை கட்டிவிட்டது. விடைத்தாள்களை எடுத்து வந்திருக்கிறேன். இங்கிலீஷ் தப்புத் தப்பாக இருக்கிறது. வாதம் கெட்டியாக இருக்கிறது. மொழிக்குத் தனி மதிப்பெண், வாதத்துக்குத் தனி மதிப்பெண் என்று பிரித்துப் போடுகிறேன். துறைத் தலைவருக்கு இரண்டையும் காட்ட வேண்டும்.

செப்டம்பர் 12, வியாழன்

ஐகியா கேஸை மறுபடி எடுத்தேன். அதே தாள், அதே கேள்வி.

பலகைகளைத் தட்டையாகக் கட்டித் தருவது, வாங்கியவர் வீட்டில் தானே பூட்டிக்கொள்வது என்ற இடம் வந்ததும் ஆலங்குளத்துப் பெண் கையைத் தூக்கினாள். "எங்க அப்பா ஆசாரி மேடம்" என்று தொடங்கினாள். கட்டில் செய்ய வேண்டுமென்றால் மரத்தை வாங்கிப் போட்டுவிட்டு அவரை வீட்டுக்குக் கூப்பிடுவார்கள், அவர் முற்றத்தில் உட்கார்ந்து செய்வார், மத்தியானச் சாப்பாடு அந்த வீட்டில். "எங்க ஊர்ல யாரும் ஸ்க்ரூ டிரைவர எடுத்துத் தானே கட்டில் பூட்ட மாட்டாங்க. ஆசாரியத்தான் கூப்பிடுவாங்க. அதனால கம்பெனி பூட்டுத கூலியையும் வெலையில சேத்துத்தான் கணக்குப் போடணும்."

ஜூலையில் "தெரியல மேடம்" என்று நின்றவள் இவள்தான். அன்றைக்கும் அவள் அப்பா ஆசாரிதான்.

ஹைதராபாத்தில் கம்பெனி அப்படித்தான் செய்தது, வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பூட்டித் தர, வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் செயலியான அர்பன்கிளாப்போடு (இப்போது அர்பன் கம்பெனி) கூட்டு வைத்தது என்றேன். அவள் உட்காரவில்லை. "அதுல ஆசாரி கைக்கு எவ்வளவு போகுது, அர்பன்கிளாப் எவ்வளவு எடுத்துக்கிடும் மேடம்?"

கேஸில் அந்தக் கணக்கு இல்லை. தேடிப் பார்த்துத் திங்கட்கிழமை சொல்கிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.