தன்பாலினத் திருமணமும் மதச்சார்பின்மையும்: ஒரு விடையை மூன்று முறை எழுதிய அனுபவம்

குடிமைப் பணி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதத் தயாராகிக்கொண்டிருந்த காலத்தில், பாளையங்கோட்டையில் நாங்கள் ஆறு பேர் வாரந்தோறும் கூடி விடை எழுதிப் பழகினோம். அரசியல் அறிவியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் கேள்வி கொடுத்துத் திருத்தியும் தருவார். ஒரு வாரம் அவர் கொடுத்த கேள்வி இது: "தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு மறுப்பது, மதத்தையும் அரசையும் பிரித்து வைக்கும் கொள்கைக்கு முரணானதா? 250 சொற்களில் விவாதிக்க." பதினைந்து மதிப்பெண் கேள்வி. எனக்கு நான்கு கிடைத்தது.

மனம் கொதித்து எழுதிய விடை அது. என்னோடு பள்ளியில் படித்த ஒருவன், தான் யாரை நேசிக்கிறான் என்பது வீட்டுக்குத் தெரிந்ததால் ஊரை விட்டே போனவன். அவனை நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். அமெரிக்க அதிபர் ஜெபர்சன் 1802இல் எழுதிய கடிதத்தில் வரும், மதத்தையும் அரசையும் 'பிரிக்கும் சுவர்', 2015இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஓபர்கெஃபெல் வழக்கில் தன்பாலினத் திருமணத்தை ஏற்று 5-4 என்று அளித்த தீர்ப்பு, இரண்டையும் சேர்த்துக் கட்டி, "சுவர் இருந்தால் திருமண உரிமை தானே வரும்" என்று முடித்திருந்தேன். ஐயா ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே வரி எழுதியிருந்தார்: "இது எந்த ஊர்ச் சுவர்?"

அந்த ஒரு வரிக்காக மாவட்ட மைய நூலகத்தில் பல நாட்கள் உட்கார்ந்தேன். முதலில் தெரிந்தது, நான் மேற்கோள் காட்டிய தீர்ப்பையே நான் படித்திருக்கவில்லை என்பது. ஓபர்கெஃபெல் தீர்ப்பு, அமெரிக்க அரசமைப்பில் மதத்தையும் அரசையும் பிரிக்கும் முதல் திருத்தத்தின்மேல் நிற்கவில்லை. பதினான்காம் திருத்தம் தரும் சுதந்திரத்தின்மேலும் சமத்துவத்தின்மேலும் நிற்கிறது. அடுத்து டென்மார்க். அங்கே அரசே ஆதரிக்கும் திருச்சபை இருக்கிறது. 2012 முதல் அந்தத் திருச்சபையிலேயே தன்பாலினத் திருமணம் நடக்கிறது. இங்கிலாந்திலும் அரசோடு பிணைந்த திருச்சபை உண்டு. 2013ஆம் ஆண்டுச் சட்டம் தன்பாலினத் திருமணத்தை ஏற்றது, ஆனால் இங்கிலாந்துத் திருச்சபை அதை நடத்தக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆகவே சுவருக்கும் திருமணத்துக்கும் நேர்க்கோடு போட முடியாது. இதை விடையில் இரண்டு வரியில் சொல்லிவிட்டாலே, திருத்துபவர் உங்களை வேறு வரிசையில் வைப்பார்.

நம் நாட்டுக்கு வந்தால் சுவரே இல்லை. இதற்கு எல்லோரும் மதச் சுதந்திரம் பற்றிய 25 முதல் 28 வரையிலான அரசமைப்புப் பிரிவுகளையும், மதச்சார்பின்மை அரசமைப்பின் அடிப்படைக் கூறு என்று சொன்ன 1994ஆம் ஆண்டின் எஸ்.ஆர். பொம்மை வழக்கையும் எழுதுவார்கள். நீங்களும் எழுதுங்கள், ஆனால் 290ஏ பிரிவையும் ஒரு முறை எடுத்துப் படியுங்கள். 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து நம் மாநிலத்துக்கு வந்த பகுதிகளின் கோயில்களுக்காக, ஆண்டுதோறும் 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் அரசு நிதியிலிருந்து தரப்பட வேண்டும் என்று அரசமைப்புச் சட்டமே சொல்கிறது. அப்படி வந்த பகுதிகளில் ஒன்று நம் செங்கோட்டை. இந்திய மதச்சார்பின்மை விலகி நிற்பதல்ல, தேவைக்கேற்ப நெருங்கியும் விலகியும் நிற்பது என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனாலும் விடை எனக்கு உண்மையாகத் திறந்தது நூலகத்தில் அல்ல, வீட்டில். என் அப்பா சாத்தான்குளம் பக்கத்துக் கிறிஸ்தவச் சபை ஒன்றில் உபதேசியாராக, அதாவது குருவானவருக்குத் துணையான சபை ஊழியராக, இருந்தவர். மூன்று ஞாயிறு ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்து, ஆராதனை முடிந்து, மணமக்கள் உள்ளறைக்குப் போய்ப் பெரிய பதிவேட்டில் கையெழுத்திடுவதைச் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். "ஐயர் இந்தக் கையெழுத்தைக் கோயிலுக்காகப் போடுகிறாரா, சர்க்காருக்காகவா?" என்று அப்பாவிடம் கேட்டேன். எங்கள் பக்கத்தில் ஐயர் என்றால் குருவானவர், கோயில் என்றால் தேவாலயம். "ஆசீர்வாதம் கோயிலுக்கு. பதிவேடு சர்க்காருக்கு. நகல் அங்கே போக வேண்டும்" என்றார். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் குருவானவருக்கு இரண்டு வேலையைச் சேர்த்தே கொடுத்திருக்கிறது. சடங்கு ஒன்று, பதிவு ஒன்று. கேள்வியில் 'திருமணம்' என்ற ஒரே சொல் வருவதால் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது. முதல் பத்தியிலேயே இரண்டையும் பிரித்துவிடுங்கள். எந்தச் சபை யாரை ஆசீர்வதிக்க வேண்டும் என்பதில் அரசுக்கு வேலை இல்லை. யாருடைய பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவது என்பது முழுக்க அரசின் வேலை.

இந்தப் பிரிவினை நமக்குப் புதிதல்ல. 1967இல் அண்ணா ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்ந்தது. புரோகிதர் இல்லாமல், மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ நடக்கும் சுயமரியாதைத் திருமணமும் செல்லும் என்றானது. அதற்கு முன் அப்படி மணந்தவர்களுக்கும் பின்னோக்கி ஏற்பு கிடைத்தது. தமிழில் எழுதுபவர் இதை விட்டுவிடக் கூடாது.

தூத்துக்குடி வழக்கையும் விடாதீர்கள். 2018இல் ஒரு திருநங்கைக்கும் ஓர் ஆணுக்கும் அங்கே கோயிலில் திருமணம் நடந்தது. பதிவுத்துறை ஏற்க மறுத்தது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்தார். கோயிலில் நடந்த திருமணத்தைப் பதிய மறுப்பது 25ஆம் பிரிவு தரும் மத உரிமையையும் மீறுவதாகும் என்றார். மதம் தடுத்தது, அரசு திறந்தது என்றே நாம் எப்போதும் எழுதிப் பழகியிருக்கிறோம். இங்கே கோயில் திறந்தது, அலுவலகம் தடுத்தது. இது தன்பாலினத் திருமண வழக்கு அல்ல என்பதை மட்டும் தெளிவாகக் குறிப்பிட்டுவிட வேண்டும்.

இனி, தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு கேட்டு நம் உச்ச நீதிமன்றத்துக்குப் போன சுப்ரியோ வழக்கு. 2023 அக்டோபர் 17. ஐந்து நீதிபதிகளும் திருமணம் செய்வது அடிப்படை உரிமை அல்ல என்பதில் ஒன்றுபட்டார்கள். இணைவாழ்வுக்குச் சட்ட ஏற்பு, குழந்தை தத்தெடுப்பு ஆகியவற்றில் 3-2 என்று பிரிந்தார்கள். சந்திரசூட், கவுல் ஆகிய இருவரும் ஆதரவு. பட், கோலி, நரசிம்மா மூவரும் எதிர். இதில் பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. மதவாரித் தனிச்சட்டங்களைத் தொடுவதில்லை என்று விசாரணையின் தொடக்கத்திலேயே நீதிமன்றம் சொல்லிவிட்டது. பேச்சு முழுவதும் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தைப் பற்றியது. ஆனால் அந்தச் சட்டத்தின் 21ஏ பிரிவைப் பாருங்கள்: இந்து இந்துவை மணந்தால் வாரிசுரிமை மறுபடி இந்துச் சட்டத்துக்கே போகிறது. மதம் கடந்தது என்று நாம் நம்பும் சட்டத்துக்குள்ளும் மதம் உட்கார்ந்திருக்கிறது. ஒரு சொல்லைத் திருத்தினால் பல சட்டங்கள் அசையும், அது நாடாளுமன்றத்தின் வேலை என்று நீதிமன்றம் விலகிக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். 15 மதிப்பெண் விடையில் எனக்கு இரண்டு மதிப்பெண் கூடுதலாகத் தந்த வரி இதுதான்.

சொல் தேர்வு பற்றி ஒன்று. 'ஓரினச்சேர்க்கை' என்று எழுதாதீர்கள். ஒரு மனிதரின் அன்பையும் வீட்டையும் வாழ்வையும் அது உடலுறவாகச் சுருக்கிவிடுகிறது. 'தன்பாலின ஈர்ப்பு', 'தன்பாலினத் திருமணம்' போதும். தேர்வுத்தாளில் நாம் விவாதிப்பது எங்கோ உயிரோடு இருக்கும் ஒருவருடைய வாழ்க்கையை.

மூன்றாம் முறை எழுதியதற்குப் பத்து கிடைத்தது. மத அமைப்புகளின் சடங்குச் சுதந்திரத்தைத் தொடாமல், பதிவை மட்டும் எல்லோருக்கும் திறக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும் என்று முடித்திருந்தேன். தன்பாலினத் திருமணத்துக்குப் பாதுகாப்பு தரும் அமெரிக்காவின் 2022ஆம் ஆண்டுச் சட்டமும் மத அமைப்புகளைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதைத் துணைக்கு வைத்தேன். அதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். முடிவு தனக்கு ஒப்பவில்லை என்று சொல்லிவிட்டு, பதிவேட்டைப் பற்றிய பத்தியை மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.