‘அம்மா’வின் நீளம் 15

“வயசானவங்களுக்கு கம்ப்யூட்டர் எல்லாம் வராதுங்க” என்று கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர் போன வாரம் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. அப்போது அவர் கை டெர்மினலில் (கட்டளைகளை எழுத்தாக அடிக்கும் திரை) என்ன அடித்துக்கொண்டிருந்தது தெரியுமா? சர்வர் லாகில், அதாவது அதன் பதிவுக் கோப்பில், எதையோ தேட கிரெப் என்ற கட்டளை, அது தருவதை அடுத்ததற்குக் கடத்த நடுவில் ஒரு பைப், அப்புறம் வரிகளைப் பிரித்துக் கையாளும் ஆக் என்ற கருவி. மூன்றுமே 1970களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தவை. பைப்பை யூனிக்ஸ் இயங்குதளத்தில் சேர்த்த கென் தாம்ப்சன் அதை ஒரே ராத்திரியில் செய்து முடித்தாராம், 1973ல்.

சரி, அது பழைய கதை என்பீர்கள். ஆக் என்ற பெயரே ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் என்று அதை எழுதிய மூவரின் ஆங்கில முதலெழுத்துகள்தான். அதில் பிரையன் கெர்னிகன் பராமரித்து வந்த மூல ஆக், எழுத்துகளை அல்ல, பைட்டுகளை, அதாவது கணினி சேமிக்கும் சின்ன அலகுகளைத்தான் எண்ணும். எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 என்ற முறையில், தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட். ‘அம்மா’ என்று கொடுத்து நீளம் கேட்டால் 15 என்று சொல்லும், நடுவில் வெட்டினால் எழுத்தே சிதைந்துபோகும். ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்பவர்களுக்கு இது கண்ணிலேயே படாது, நமக்கு அன்றாடத் தலைவலி.

2022ல் கெர்னிகனே உட்கார்ந்து, உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோடுக்கான ஆதரவைச் சேர்த்தார், அப்போது அவருக்கு வயது 80. நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவி தனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்று அவரே எழுதியிருந்தார். அதற்காக வேலை நிற்கவில்லை. ஆக் வெளிவந்தது 1977ல், 45 வருடம் கழித்து அதே ஆள் திரும்பி வந்து, தனக்குத் தெரியாத மொழிகளுக்காக அதைச் சரிசெய்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகிறது.

அந்த யூடிஎஃப்-8ம் பெல் ஆய்வகத்துக்காரர்கள் வீட்டுச் சரக்குதான். 1992 செப்டம்பரில் நியூஜெர்சியில் ஒரு சாப்பாட்டுக் கடையில், தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில், தாம்ப்சனும் அவருடைய சகா ராப் பைக்கும் வரைந்தது. ஒரு எழுத்தின் முதல் பைட்டைப் பார்த்தாலே மொத்தம் எத்தனை பைட் என்று தெரிந்துவிடும், பழைய ஆங்கிலக் கோப்புகளில் ஒரு பைட்டைக்கூட மாற்ற வேண்டியதில்லை. அவ்வளவு சுத்தமான யோசனை.

அந்தத் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து, கெர்னிகன் திருத்திய ஆக்கை இறக்கி, ‘அம்மா’ என்று கொடுத்துக் காட்டினேன். அ, ம, புள்ளி, ம, துணைக்கால்: 5 என்று வந்தது.